பழைய ரிவால்வரின் புது நகல்: எதை வாங்கலாம், எப்படிப் பார்க்கலாம்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டு ரிவால்வர்கள் மீது உங்களுக்கு ஆசை. அசல் வாங்கக் கட்டுப்படியாகாது. இப்போது செய்யப்படும் நகல்களைச் சேர்த்தால் அதை யாராவது சேகரிப்பு என்று மதிப்பார்களா, எதில் தொடங்குவது, வாங்கும்போது எதைப் பார்ப்பது, பின்னாளில் விலை ஏறுமா. இவ்வளவுதானே?

தாராளமாகச் சேர்க்கலாம். ஒரே ஒரு நிபந்தனை. அசல் கிடைக்காததால் இதையாவது வாங்கினோம் என்ற மனநிலையோடு இறங்காதீர்கள். அப்படி இறங்கியவர்கள் நாலைந்து வாங்கியதும் சலித்துப்போய் விற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த நகல்களுக்கென்று 70 வருடத்துக்கு நீளும் ஒரு தனிக் கதை இருக்கிறது. யார் செய்தார்கள், எந்த ஊரில், எந்த ஆண்டில், அசலில் எதை அப்படியே எடுத்தார்கள், எதைத் தங்கள் வசதிக்கு மாற்றினார்கள் என்று படிக்கத் தெரிந்துவிட்டால், அலமாரியில் இருப்பது வேறு சரக்காகத் தெரிய ஆரம்பிக்கும்.

நான் வாங்கிய முதல் நகலைப் பற்றிச் சொல்கிறேன். பித்தளைச் சட்டம் (எல்லாப் பாகங்களையும் தாங்கும் உடற்பகுதி), எண்கோணக் குழல், பெட்டியில் '1851 நேவி, 0.44' என்று அச்சிட்டிருந்தது. பளபளவென்று இருந்தது. ஒரு மாதம் பெருமையாக வைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அப்படி ஒரு துப்பாக்கி சரித்திரத்திலேயே இல்லை. அசலைச் செய்த அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனமான கோல்ட் கம்பெனி 1851 மாடலை 0.36 அங்குல விட்டத்தில்தான் செய்தது. ஹார்ட்ஃபோர்ட் ஆலையில் மட்டும் சுமார் 2,15,000, லண்டன் ஆலையில் சுமார் 42,000. சட்டமும் இரும்புதான், கைப்பிடியைச் சுற்றி வரும் பட்டையும் விசைக் காப்பும்தான் பித்தளை. என் கையில் இருந்தது இத்தாலியர்களின் கற்பனை. வாங்குகிறவர்களுக்குப் பெரிய குண்டும் பிடிக்கிறது, மஞ்சள் நிறமும் பிடிக்கிறது, இரண்டையும் சேர்த்துவிட்டார்கள். இன்றும் சந்தையில் அதிகமாக விற்கும் நகல்களில் இது ஒன்று.

பித்தளைச் சட்டத்துக்குச் சரித்திர ஆதாரமே இல்லை என்று சொல்ல வரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்பகுதிக்கு இரும்பும் எஃகும் தட்டுப்பாடு. ஜார்ஜியாவில் கிரிஸ்வோல்ட்வில் என்ற ஊரில் கிரிஸ்வோல்ட் அண்ட் கன்னிசன் என்ற பட்டறை, கோல்ட் நேவியைப் பார்த்து ஏறக்குறைய 3,600 ரிவால்வர்களை வார்த்தது. சட்டத்துக்குப் பித்தளை. குண்டு அறைகளோடு சுழலும் சிலிண்டருக்கு எஃகு இல்லாததால் இரும்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி முறுக்கிப் பயன்படுத்தினார்கள். அசல்கள் சிலவற்றில் அந்த முறுக்கின் ரேகை இன்னும் தெரியும். 1864 நவம்பரில் வடபகுதிக் குதிரைப்படை அந்த ஆலையைக் கொளுத்தியது. ஆக, பித்தளையில் நகல் வேண்டுமென்றால் 0.36 அளவில், முன்பாதி உருண்டையான குழலோடு, கிரிஸ்வோல்ட் என்று சொல்லி விற்கும் மாடலை வாங்குங்கள். அதற்கு ஒரு பின்கதை இருக்கிறது. என்னுடைய அந்த முதல் துப்பாக்கியை நான் விற்கவில்லை, அது வேறு விஷயம்.

சரி, இந்த நகல் தொழில் எப்படித் தொடங்கியது? கௌபாய் படங்களில் பார்க்கும் தோட்டா ரிவால்வரான 1873 மாடல் சிங்கிள் ஆக்‌ஷன் ஆர்மியின் உற்பத்தியை இரண்டாம் உலகப் போர் நேரத்தில் கோல்ட் நிறுத்திவிட்டது. போருக்குப் பின் அமெரிக்க வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தது, கூடவே கௌபாய் தொடர்கள் வந்தன. எல்லோருக்கும் அந்தத் துப்பாக்கி வேண்டும், கடையில் இல்லை. அந்த இடைவெளியில் 1954இல் லாஸ் ஏஞ்சலஸில் கிரேட் வெஸ்டர்ன் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி அதன் நகலைச் செய்யத் தொடங்கியது. அதைப் பார்த்துத்தானோ என்னவோ, 1956இல் கோல்ட் கம்பெனியே மறுபடி அந்த மாடலை எடுத்துவிட்டது. கிரேட் வெஸ்டர்ன் பத்தாண்டுகளில் மூடப்பட்டது. இன்று அதன் துப்பாக்கிகளைத் தேடிச் சேர்க்க ஒரு தனிக் கூட்டமே இருக்கிறது.

கேப் வைத்துச் சுடும் பழைய ரகங்களின் கதை வேறு. தோட்டா வருவதற்கு முந்தைய காலம் அது. கரிமருந்தையும் ஈயக் குண்டையும் சிலிண்டரின் முன்பக்கமாக அடைத்து, பின்னால் ஒவ்வோர் அறைக்கும், சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் ஒரு சின்னச் செம்புக் கேப்பைச் செருக வேண்டும். 1961இல் உள்நாட்டுப் போரின் நூற்றாண்டு வருகிறது, பழைய சீருடை போட்டுப் போரை நடித்துக்காட்டும் கூட்டம் பெருகப் போகிறது என்பதை முன்கூட்டியே மோப்பம் பிடித்தவர் வால் ஃபோர்கெட் என்ற அமெரிக்கர். நேவி ஆர்ம்ஸ் கம்பெனியை நிறுவியவர். 1950களின் கடைசியில் இத்தாலிக்குப் போய், பிரேஷா மாவட்டத்து கார்டோனே வால் துரோம்பியாவில் ஆள் பிடித்தார். முதலில் செய்தவர்களில் விட்டோரியோ கிரெகொரெல்லி, ஆல்டோ உபெர்ட்டி இருவரும் முக்கியம். முதல் சரக்கு 1851 நேவியும், நான் மேலே சொன்ன கிரிஸ்வோல்டும். வடக்குக்கு ஒன்று, தெற்குக்கு ஒன்று. அவற்றுக்கு 'யாங்க்', 'ரெப்' என்றே பெயர் வைத்து விற்றார்கள். வியாபாரம் தெரிந்த மனிதர்.

ஏன் அந்தப் பள்ளத்தாக்கு? மலையில் இரும்புத் தாது, ஆற்றில் சக்கரம் சுற்றத் தண்ணீர், அடுப்புக்குக் கரி. துப்பாக்கிக் குழல் அடிப்பது அங்கே குலத்தொழில். 1526இல் பார்த்தொலொமேயோ பெரெட்டா என்பவர் வெனிஸ் ஆயுதசாலைக்கு 185 குழல்கள் கொடுத்துப் பணம் வாங்கிய ரசீது இன்றும் இருக்கிறது. உபெர்ட்டி 1959இல் சொந்தப் பட்டறை தொடங்கினார். 2000இல் அது பெரெட்டா குழுமத்துக்குக் கைமாறியது. 1960களில் பியெட்டா குடும்பம் வந்தது. அர்மி சான் மார்கோ, அர்மி சான் பாவ்லோ என்று இன்னும் பலர் வந்து போனார்கள். அதே காலத்தில் இத்தாலியில் கௌபாய் படங்கள் எடுக்கும் மோகமும் பிறந்தது. பட்டறையும் படப்பிடிப்பும் ஒரே நாட்டில் இருந்தது இரண்டுக்கும் லாபம்.

இங்கிருந்துதான் சேகரிப்பின் சுவையே தொடங்குகிறது என்பேன். இத்தாலியில் செய்யும் ஒவ்வொரு துப்பாக்கியும் கார்டோனேயில் உள்ள தேசியச் சோதனைச்சாலைக்குப் போய், மிகை அழுத்தத்தில் சுட்டுப் பார்க்கப்பட்டு, முத்திரை வாங்கித்தான் வெளியே வர முடியும். ஒரு நகலைக் கையில் எடுத்ததும் மேசை விளக்கின் கீழே சாய்த்து, குழலுக்கு அடியில், குண்டை அறைக்குள் அழுத்தும் லோடிங் நெம்புகோலைக் கீழே இறக்கினால் தெரியும் இடத்தையும், சட்டத்தின் வலப்பக்கத்தையும் பாருங்கள். கடுகளவு முத்திரைகள் நாலைந்து இருக்கும். பூதக்கண்ணாடி வேண்டும். நட்சத்திரத்துக்குக் கீழே கேடயம் இருந்தால் அது சோதனைச்சாலையின் சின்னம். 'பி, என்' என்ற இரண்டு எழுத்து, இத்தாலிய மொழியில் கரிமருந்து என்பதன் சுருக்கம். அதாவது கரிமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்டது. பக்கத்தில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஓர் எண்ணோ இரண்டு எழுத்தோ இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான், சோதித்த ஆண்டு.

1954 முதல் 1970 வரை கட்டத்துக்குள் ரோமன் எண். அதோடு 1944ஐக் கூட்டினால் ஆண்டு கிடைத்துவிடும். பதினாறு என்றிருந்தால் 1960, இருபது என்றிருந்தால் 1964. 1971இலிருந்து ரோமன் எண்ணையும் சாதாரண எண்ணையும் கலந்து கொஞ்ச காலம் போட்டார்கள். முப்பதைத் தொட்டதும், 1974ஓடு, எண்ணையே கைவிட்டு எழுத்துக்குப் போய்விட்டார்கள். 1975க்கு ஏ-ஏ, 1976க்கு ஏ-பி என்று ஓடி, 1991இல் பி-ஏ, 2006இல் சி-ஏ. நடுவே சில எழுத்துகளை விட்டுவிட்டு ஓடும், எனவே விரல் விட்டு எண்ணாதீர்கள், முழு அட்டவணையை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இதைப் படிக்கத் தெரியாத விற்பனையாளர் 'அறுபதுகளில் செய்தது' என்பார். கட்டத்துக்குள் பி-எல் என்று இருக்கும், 1998. சண்டை போட வேண்டியதில்லை, கட்டத்தை அவருக்கே காட்டினால் போதும்.

ஆண்டு தெரிந்தால் வேறு பல விஷயங்களும் பிடிபடும். முத்திரையில் ஆரம்ப ஆண்டுகளும் 'ஜி.யு.' என்ற கிரெகொரெல்லி, உபெர்ட்டி முதலெழுத்துகளும் சேர்ந்து இருந்தால், பார்க்க எவ்வளவு மங்கலாக இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தொழில் பிறந்த வருடங்களின் சரக்கு அது. எழுபதுகளில் செய்ததில் தரம் ஏறியும் இறங்கியும் இருக்கும். உள்பாகங்களின் இரும்பு மென்மையாக இருந்து, சக்கரப்பல் தேய்ந்தவை நிறைய. கணினியில் இயங்கும் கடைசல் இயந்திரங்கள் வந்த பிறகு, 2000க்குப் பின் செய்தவற்றில் உதிரிபாகங்கள் ஒன்றுக்கொன்று கச்சிதமாகப் பொருந்துகின்றன. சுடுகிறவருக்குப் புதியது மேல். சேர்க்கிறவருக்கு அப்படிச் சொல்லிவிட முடியாது.

அடுத்து, யோசித்தால் தலைசுற்றும் ஒரு விஷயம். 1971இல் கோல்ட் கம்பெனியே தன் 1851 நேவியை மறுபடி வெளியிட்டது. பிறகு டிராகூன், 1860 ஆர்மி, வாக்கர் என்று தன் மற்ற பழைய மாடல்களோடு 1982 வரை போனது. சேகரிப்பவர்கள் இதை 'இரண்டாம் தலைமுறை' என்கிறார்கள். இது அசலா, நகலா? பெயர் கோல்ட், முத்திரை கோல்ட், கணக்கும் கோல்ட் கம்பெனியின் கணக்கு. ஆனால் இழைத்து முடிக்காத வார்ப்புகள் கப்பலேறி வந்தது இத்தாலியிலிருந்து. அமெரிக்காவில் இழைத்து, பொருத்தி, நிறமேற்றினார்கள். கம்பெனி இதை நகல் என்று ஒத்துக்கொள்வதில்லை, பழைய உற்பத்தியின் தொடர்ச்சி என்கிறது. 1994 முதல் 2002 வரை மூன்றாவது சுற்று ஒன்று வந்தது. உரிமம் பெற்ற வேறொரு நிறுவனம் செய்தது, கைப்பிடிப் பட்டையில் சாமுவேல் கோல்ட்டின் கையெழுத்து பொறித்திருக்கும். என்னைக் கேட்டால், இரண்டாம் தலைமுறையின் நீலப்பூச்சு அழகு வேறு எந்த நகலிலும் இல்லை. மூன்றாவது சுற்று, நல்ல உபெர்ட்டிக்கு விலையுயர்ந்த சட்டை போட்டது மாதிரி.

பெல்ஜியத்தின் லீஜ் நகரிலிருந்து 1960களில் வந்த 'சென்டோர்' என்ற 1860 ஆர்மி நகலையும் மறக்க வேண்டாம். லீஜ் பட்டறைகள் 1850களிலேயே கோல்ட்டின் உரிமத்தோடு ரிவால்வர் செய்தவை. அந்தக் கைப்பழக்கம் நூறு வருடம் கழித்தும் தெரிகிறது. கண்ணில் பட்டால் தவற விடாதீர்கள்.

எந்த மாடலில் தொடங்குவது என்பதற்கு நான் கொடுக்கும் யோசனை, கடையில் அழகாக இருப்பதையெல்லாம் வாங்காமல் ஒரு நூலைப் பிடித்துப் போங்கள் என்பது. ரிவால்வர் எப்படி வளர்ந்தது என்பதே நல்ல நூல். 1836இல் சாமுவேல் கோல்ட் காப்புரிமை வாங்கிய பாட்டர்சன் ரிவால்வரில் ஐந்து அறைதான். விசைக்குக் காப்பே கிடையாது. சுத்தியலை இழுத்தால் மட்டும் வயிற்றிலிருந்து விசை கீழே எட்டிப் பார்க்கும். நகலிலும் அது அப்படியே இருக்கிறது, முதல்முறை இழுத்துப் பார்க்கிறவர் எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அதைச் செய்த கம்பெனி 1842இல் திவாலானது. 1847இல் கேப்டன் சாமுவேல் வாக்கரின் யோசனையைக் கேட்டு, கோல்ட் எலி விட்னி ஜூனியரின் ஆலையில் செய்யவைத்ததுதான் வாக்கர் ரிவால்வர். இரண்டு கிலோ எடை, ஒன்பது அங்குலக் குழல், மொத்தமே 1,100. வாக்கர் அதே ஆண்டு அக்டோபரில் மெக்சிகோ போரில் ஹுவாமாந்த்லாவில் இறந்தார். அசல் வாக்கர் ஒன்று, பெட்டியோடு, 2018 ஏலத்தில் 18 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. நகலை எவரும் வாங்கலாம்.

அந்த வாக்கரில் ஒரு குறை உண்டு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதிர்ச்சியில் லோடிங் நெம்புகோல் கழன்று கீழே தொங்கும். சில நேரம் சிலிண்டரையே பூட்டிவிடும். அந்தக் காலத்துச் சிப்பாய்கள் தோல் வாரால் கட்டி வைத்துக்கொண்டார்கள். நகல் செய்தவர்கள் அந்தக் குறையையும் மரியாதையாக அப்படியே நகலெடுத்திருக்கிறார்கள்! அடுத்த ஆண்டு வந்த டிராகூனில் குழல் முனைக்கு அருகே ஒரு கொக்கி வந்தது. இரண்டு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு பொறியாளர் தவறைத் திருத்திய கதை வார்த்தை இல்லாமலே விளங்கும். நூலைப் பிடித்துச் சேர்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

1851 நேவி இல்லாமல் சேகரிப்பு இல்லை. அதன் சிலிண்டரில் ஒரு கடற்போர் ஓடும்: 1843 மே 16, காம்பெச்சே அருகே டெக்சஸ் கடற்படைக்கும் மெக்சிகோவுக்கும் நடந்த சண்டை. வாட்டர்மேன் ஆர்ம்ஸ்பி என்ற பொறிப்புக் கலைஞர் வெட்டிய எஃகு அச்சை உருட்டிப் பதித்தது. 'நேவி' என்ற பெயருக்கும் அந்தப் படமே காரணம் என்பார்கள். பெரும்பாலான நேவிகள் கடலைப் பார்த்ததே இல்லை. ஒரு நகலின் தரத்தை மதிப்பிட நான் முதலில் பார்க்கும் இடம் இந்தப் படம். நல்ல நகலில் கப்பலின் பாய்மரக் கயிறுகள் தனித்தனியாகத் தெரியும், விரல் நுனியில் லேசாகத் தட்டுப்படும். மட்டமானதில் பாய்மரம் வெறும் கோடு, கடல் வெறும் புள்ளி.

கோல்ட்டின் போட்டியாளரான ரெமிங்டனுக்கு வந்தால், கோல்ட்டில் இல்லாத ஒன்று அதில் இருக்கிறது: சிலிண்டருக்கு மேலே சட்டம் தொடர்ந்து ஓடி முழு வளையமாக மூடுகிறது. உறுதியான அமைப்பு. சிலிண்டரைக் கழற்றி மாட்டுவதும் நொடி வேலை. எல்லா நகலிலும் '1858' என்று போட்டு விற்கிறார்கள். 1858 செப்டம்பர் 14 என்பது காப்புரிமைத் தேதி; நகலெடுக்கப்பட்ட நியூ மாடல் ஆர்மி உண்மையில் 1863இலிருந்துதான் ஆலையை விட்டு வந்தது. வெறும் ஒன்றை மட்டும் வாங்கி நிறுத்திக்கொள்பவராக இருந்தால், இரும்புச் சட்டத்து ரெமிங்டனை வாங்குங்கள்.

விசித்திரத்துக்கு லெமா. நியூ ஆர்லியன்ஸ் மருத்துவர் ஜான் அலெக்சாந்தர் லெமா 1856இல் காப்புரிமை வாங்கியது. ஒன்பது அறை, நடுவில் சிலிண்டர் சுற்றும் அச்சே ஒரு சிதறுகுண்டுக் குழல். மொத்தம் மூவாயிரத்துக்கும் குறைவாகவே செய்யப்பட்டது. பியெட்டா 1980களிலிருந்து நகல் செய்கிறது. பார்க்கிறவர் எல்லோரும் முதலில் கேட்பது இதைப் பற்றித்தான். ரோஜர்ஸ் அண்ட் ஸ்பென்சர் நேர்மாறு, அடக்கமான துப்பாக்கி. ராணுவம் 5,000 கேட்டது, 1865இல் கைக்கு வந்தபோது போர் முடிந்துவிட்டது, அப்படியே கிடங்கில் கிடந்து 1901இல் மொத்தமாகக் கழித்து விற்றார்கள். அதனால் அசலே அன்றலர்ந்த நிலையில் பல இருக்கின்றன. இலக்குச் சுடும் போட்டிக்காரர்களுக்குப் பிடித்தமான அமைப்பு என்பதால் ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் செய்த நகல், தரத்தில் அசலையே மிஞ்சும்.

இனி, வாங்கும்போது கையால் செய்ய வேண்டிய சோதனை. முதலில் எல்லா அறையும் காலியா, கேப் ஏதும் இல்லையா என்று நீங்களே பாருங்கள். விற்கிறவர் சொல்வதை நம்பாதீர்கள். அப்புறம் கோல்ட் வகையானால், குழலைச் சட்டத்தோடு பிடித்து வைத்திருக்கும் ஆப்பைத் தள்ளிப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் நகர வேண்டும். சுத்தியால் தட்டிய தழும்பு இருந்தால் யாரோ முரட்டுத்தனமாகப் பிரித்திருக்கிறார்கள். குழலைக் கழற்றியதும் சட்டத்திலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நடு அச்சு தெரியும். இந்த அச்சு, குழலுக்கு அடியில் உள்ள துளையின் அடிவரை போய் முட்ட வேண்டும். இத்தாலிய நகல்களின் நெடுநாள் வியாதி, குறிப்பாக உபெர்ட்டியில், அச்சு சற்றுக் குட்டையாக இருப்பது. அப்போது ஆப்பை எவ்வளவு தூரம் அடிக்கிறோமோ அவ்வளவு தூரம் குழல் சிலிண்டரை நெருங்கி, அதன் சுற்றலையே இறுக்கிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: குழலைப் பக்கவாட்டில் திருப்பி அச்சின் மேல் முழுதாகச் செருகுங்கள். குழலின் அடிப்பாகம் சட்டத்தின் விளிம்போடு நின்றால் சரி. விளிம்பைத் தாண்டி உள்ளே ஏறினால் அச்சு குட்டை. சரிசெய்யக்கூடிய குறைதான், விலையைக் குறைத்துக் கேட்க உதவும்.

அடுத்து, சுத்தியலைக் கட்டைவிரலால் மெதுவாக, மிக மெதுவாகப் பின்னால் இழுங்கள். சுத்தியல் கடைசிப் பல்லில் போய் நிற்கும் நேரமும், சிலிண்டர் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆறு அறைக்கும் ஆறு முறை பாருங்கள். சிலிண்டரைச் சுற்றி நடுவே ஒரு கோடு ஓடியிருந்தால், பூட்டும் ஆணி சீக்கிரமே எழுந்து உரசுகிறது என்று அர்த்தம். பித்தளைச் சட்டமானால் சிலிண்டருக்குப் பின்னால் உள்ள சுவரைப் பாருங்கள். சிலிண்டரின் பற்கள் அச்சுக் குத்தியது போல் அங்கே பதிந்திருந்தால், அதிக மருந்து போட்டுச் சுட்டிருக்கிறார்கள், சட்டம் இழுபட்டுவிட்டது. இதற்கு வைத்தியம் கிடையாது. திருகாணிகளின் தலை சிதைந்திருந்தால் விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், அதை மாற்றிக்கொள்ளலாம்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. நகலைப் பழையதாக்குவது தவறில்லை. நடிப்புப் போர்க்காரர்கள் சீருடைக்குப் பொருந்த, குழலில் உள்ள பெரிய எச்சரிக்கை எழுத்தை அரத்தால் தேய்த்து, பூச்சைக் கரைத்து, மங்கலாக்குவார்கள். அதை அசல் என்று சொல்லி விற்பதுதான் திருட்டு. ஒரு முறை தெரிந்தவர் ஒருவர், 'குடும்பச் சொத்து, 1850களிலிருந்து கைமாறி வருகிறது' என்று சொல்லப்பட்ட நேவி ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். முன்பணமும் கொடுத்துவிட்டார். துரு ஒரே சீராக, கம்பளி போர்த்தியது போல் எல்லா இடத்திலும் படிந்திருந்தது. உண்மையான பழசில் அப்படி இருக்காது. கேப்பைச் செருகும் சின்ன முனைகளான நிப்பிள்களைச் சுற்றிக் குழிகுழியாக அரித்திருக்கும், கை படும் இடம் வழவழப்பாக இருக்கும். லோடிங் நெம்புகோலை இறக்கினேன். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் வெளிச்சத்தைச் சாய்த்தால் தேக்கரண்டியின் வயிறு போல் லேசான பள்ளம். அங்கே யாரோ எதையோ தேய்த்து எடுத்திருக்கிறார்கள். கடைசியாக ஒரு நிப்பிளைக் கழற்றி, ஆறு மில்லிமீட்டர் மெட்ரிக் மரை உள்ள என்னுடைய புது நிப்பிளை அந்தத் துளையில் வைத்துத் திருகினேன். வெண்ணெய் போல் ஏறியது. ஹார்ட்ஃபோர்டில் 1850களில் மெட்ரிக் மரை ஏது? அவர் ஒன்றும் பேசாமல் துணியில் சுற்றி எடுத்துப் போனார். முன்பணம் திரும்பி வந்ததா என்று நான் கேட்கவில்லை.

எண்களையும் பாருங்கள். அசல் கோல்ட்டில் சட்டம், குழல், விசைக் காப்பு, கைப்பிடிப் பட்டை, சிலிண்டர் என்று எங்கும் ஒரே எண் இருக்கும். நகலில் ஒன்றிரண்டு இடத்தோடு சரி.

விலை ஏறுமா என்று கேட்டீர்கள். பெரும்பாலும் ஏறாது. சாதாரண பியெட்டா, உபெர்ட்டி நகல்கள் கையில் வாங்கியதுமே விலை இறங்கும், அப்புறம் அப்படியே நிற்கும். முதலீடு என்று நினைத்து வாங்கினால் ஏமாற்றம்தான். பெட்டியும் காகிதமும் உள்ள, ஒரு கேப்கூட வைக்காத இரண்டாம் தலைமுறை கோல்ட், ஆரம்பகால 'ஜி.யு.' சரக்கு, சென்டோர், உற்பத்தி நின்றுபோன அபூர்வ மாடல்கள் ஆகியவற்றுக்கு மட்டும் தனி மவுசு. இவற்றில் ஒன்றை வாங்கினால் சும்மா சும்மா இழுத்துப் பார்த்து விளையாடாதீர்கள். சிலிண்டரில் அந்தக் கோடு விழுந்த அன்றே விலை பாதி போச்சு. அட்டைப் பெட்டியை, உள்ளே இருந்த எண்ணெய்க் காகிதத்தைக்கூட, தூக்கிப் போடாதீர்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கக் கூட்டரசின் 1968 சட்டம், 1898 வரை செய்த துப்பாக்கிகளையும், தோட்டா போடாத அவற்றின் நகல்களையும் 'பழம்பொருள்' என்றே வைக்கிறது. ஆனால் சில மாநிலங்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. பிரிட்டனில் 1997 கைத்துப்பாக்கித் தடையிலிருந்து முன்பக்கம் அடைக்கும் ரிவால்வர்கள் தப்பின என்றாலும், நகல் வைத்திருக்கச் சான்றிதழ் கட்டாயம். ஜெர்மனியில் ஒரே குண்டுள்ள கேப் துப்பாக்கி நகலைப் பெரியவர்கள் சும்மா வாங்கலாம், ரிவால்வருக்கு அனுமதி வேண்டும். நகல்தானே, பொம்மை மாதிரி என்று நினைத்துவிட வேண்டாம். இது சுடும், கொல்லும். உங்கள் ஊர்ச் சட்டத்தை, உரிமம் தரும் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கையில் எடுங்கள். கேப் ரிவால்வரில் தோட்டா போட உதவும் மாற்றுச் சிலிண்டர் விற்கிறார்கள். அதை மாட்டிய நிமிடமே பல இடங்களில் 'பழம்பொருள்' என்ற சலுகை போய்விடும். புகையில்லா மருந்தை எந்தக் கரிமருந்து நகலிலும் போடக் கூடாது. சிலிண்டர் வெடித்துக் கை போனவர்கள் உண்டு.

பராமரிப்பில் பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு. அழகாக இருக்கிறதே என்று தோல் உறையில் செருகிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். தோல் பதனிட்ட உப்பும் அமிலமும் ஈரத்தை இழுக்கும். ஆறு மாதத்தில் நீலப்பூச்சுக்குக் கீழே பழுப்புப் புள்ளி, பித்தளையில் பச்சைக் களிம்பு. உறையைத் தனியாக மாட்டுங்கள். துப்பாக்கியைப் பருத்தித் துணியில் துடைத்து, அருங்காட்சியகங்களில் பூசும் நுண்படிக மெழுகை மெல்லியதாகத் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு பூட்டிய பெட்டியில் வையுங்கள். சுட்டிருந்தால் அன்று இரவே சுடுதண்ணீரில் கழுவி, காயவைத்து, எண்ணெய் போட வேண்டும். 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டதற்கு என் ரெமிங்டனின் மூன்றாவது அறையில் இன்றும் ஒரு குழி சாட்சி.